பாலை நிலத்துப் புனிதர்கள் – 7: கை எட்டாத உயரம்

ஆயர் தியோடரெட்டுக்கு அன்று உயிர் போயிருக்க வேண்டும்.

வட சிரியாவில் ஒரு சுண்ணாம்புக் குன்று. அதன்மேல் ஒரு கல்தூண். தூணின் உச்சியில் ஒரு துறவி. அடிவாரத்தில் பாலைவனத்திலிருந்து திரண்டு வந்திருந்த அரபுக் குடிகள். அவர்கள் இருநூறு முந்நூறு பேராக வருவார்களாம், சில நாள் ஆயிரம் பேர்கூட. அன்று தியோடரெட்டும் அங்கே போயிருந்தார். “இதோ ஆயர் நிற்கிறாரே, அவரிடம் ஆசி வாங்கிக்கொள்ளுங்கள்” என்று மேலிருந்தவர் நல்லெண்ணத்தோடு கை காட்டிவிட்டார். கூட்டம் ஆயர்மேல் பாய்ந்தது. முன்னால் இருந்தவர்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள், பின்னால் இருந்தவர்கள் மறுபக்கம் இழுத்தார்கள். எட்டாதவர்கள் அடுத்தவர் மேல் மிதித்து ஏறிக் கை நீட்டினார்கள். ஒரு கை தாடியைப் பிடித்தது, இன்னொரு கை அங்கியைப் பிடித்தது. மேலிருந்து ஓர் அதட்டல் வந்திராவிட்டால் நெரிசலில் மூச்சுத் திணறிச் செத்திருப்பேன் என்று தியோடரெட்டே எழுதிவைத்திருக்கிறார்.

அந்தத் துறவி ஏன் தூண்மேல் ஏறினார் என்பதற்குத் தியோடரெட் பக்கம் பக்கமாக விளக்கம் சொல்கிறார். தன் தாடியைப் பறிகொடுக்க இருந்த இந்தக் கதையைவிட நல்ல விளக்கம் எதுவும் அவற்றில் எனக்குத் தென்படவில்லை.

எகிப்தின் பாலைவனத்தில் அந்தோணியாரைச் சென்ற இதழில் விட்டு வந்தோம். மனிதர்கள் தேடி வரும்போதெல்லாம் இன்னும் உள்ளே போவது அவர் வழி. நைல் கரையிலிருந்து கல்லறைக்கு, கல்லறையிலிருந்து பாழடைந்த கோட்டைக்கு, கோட்டையிலிருந்து செங்கடல் பக்கத்து மலைக்கு. எகிப்தில் அது முடியும், ஊர் முடிந்த இடத்தில் மணல் தொடங்கிவிடும். சிரியாவின் வடபகுதி அப்படிப்பட்ட நிலமல்ல. அந்தியோக்கியாவுக்கும் அலெப்போவுக்கும் இடையே உள்ள சுண்ணாம்பு மேட்டில் அந்தக் காலத்தில் ஒலிவத் தோப்பும் எண்ணெய்ச் செக்குமாக நூற்றுக்கணக்கான கிராமங்கள் இருந்தன. எந்தக் குன்றின்மேல் ஏறினாலும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஓர் ஊர் இருக்கும். ஒளிந்துகொள்ள இடமில்லாத நாட்டில் தனிமையை நாடிய ஒருவரின் கதை இது.

சிமியோன் 390 வாக்கில் சீசான் என்ற ஊரில் பிறந்தார். சிரியாவுக்கும் சிலிசியாவுக்கும் எல்லையில் இருந்த ஊர். வீட்டில் ஆடுகள் இருந்தன, பையன் மேய்த்தான். மேய்க்கப் போன இடத்தில் வாசனைப் பிசின் பொறுக்கி வந்து நெருப்பிலிட்டுப் புகைப்பான் என்கிறது அவரைப் பற்றிய சுரியானி வரலாறு. யாருக்காகப் புகைக்கிறோம் என்பது அவனுக்கே தெரியாதாம்.

ஒரு குளிர்காலத்தில் பனி கொட்டியது. ஆடுகளை வெளியே ஓட்ட முடியவில்லை. வேலையில்லாத பையன் பெற்றோருடன் கோவிலுக்குப் போனான். அழுகிறவர்களுக்கு ஆறுதல் உண்டு என்று சொல்லும் மலைப்பொழிவுப் பகுதி அன்று வாசிக்கப்பட்டது. அவன் அருகிலிருந்தவரிடம் அதன் பொருளைக் கேட்டான். பிறகு மறைசாட்சிகளின் கல்லறைக் கோவில் ஒன்றில் தரையில் முகம் பதித்து வேண்டியபடியே தூங்கிவிட்டான். கனவில் அவன் ஓர் அஸ்திவாரக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். போதுமென்று நிறுத்தியதும் பக்கத்தில் நின்ற ஒருவர் இன்னும் ஆழமாகத் தோண்டச் சொன்னார். மீண்டும் நிறுத்தினான், மீண்டும் தோண்டச் சொன்னார். இப்படி நான்கு முறை. கடைசியில், ஆழம் போதும், இனிக் கட்டு, கட்டுவது சிரமமாக இராது என்றார்.

இந்தக் கனவைச் சிமியோனே தன்னிடம் சொன்னதாகத் தியோடரெட் எழுதுகிறார். மேலே போன மனிதரின் கதை கீழே தோண்டுவதில் தொடங்குகிறது. எழுதுகிறவர் கைவேலை இதில் கொஞ்சம் இருக்கலாம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

தெலெதா என்ற ஊரின் துறவு மடத்தில் அவர் சேர்ந்தபோது அங்கே 80 துறவிகள் இருந்தார்கள். மடத்தலைவர் ஹெலியோடோரஸ் மூன்று வயதில் உள்ளே கொண்டுவந்து விடப்பட்டவர். வெளியுலகில் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் பார்த்தறியாதவர். பன்றி எப்படி இருக்கும், சேவல் எப்படி இருக்கும் என்றுகூடத் தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லுவாராம். சிமியோனின் கதைக்கு ஹெலியோடோரஸ் தேவையில்லைதான். ஆனாலும் சேவலைப் பார்க்காமலேயே கிழவராகிவிட்ட ஒரு மனிதரை எப்படி விட்டுவிட்டுப் போவது?

அப்படிப்பட்டவர் நடத்திய மடத்துக்கே சிமியோன் தாங்கவில்லை. மற்றவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டார்கள், இவர் வாரம் ஒருமுறை. பிறகு பனைநாரில் முறுக்கிய சொரசொரப்பான கயிற்றை ஆடைக்குள்ளே இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். கயிறு தோலை அறுத்து உள்ளே இறங்கியது. பத்து நாளுக்குப் பிறகு, நடந்த வழியெல்லாம் சொட்டிய இரத்தத் துளிகள் அவரைக் காட்டிக்கொடுத்தன. மடத்துப் பெரியவர்கள் அவரை வெளியே போகச் சொன்னார்கள். அவரைப் பார்த்து அவ்வளவு உடல்வலு இல்லாதவர்களும் இறங்கினால் என்ன ஆவது என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை. மடம் என்பது பலர் சேர்ந்து இழுக்கும் தேர், அதில் ஒருவர் மட்டும் ஓடினால் வடம் அறுந்துவிடும்.

போனவர் மலையில் தண்ணீரில்லாத ஒரு பாழ்ந்தொட்டியைக் கண்டு அதற்குள் இறங்கிக்கொண்டார். ஐந்து நாளில் பெரியவர்களுக்கு மனம் உறுத்தித் தேடி ஆளனுப்பினார்கள். கயிறு விட்டுத்தான் தூக்க வேண்டியிருந்தது. இறங்கும்போது எளிதாக இறங்கிவிட்டார், ஏற்றுவதுதான் பாடாகிவிட்டது என்று தியோடரெட் சொல்கிறார். அதே ஆள் பிற்காலத்தில் இறங்க மறுக்கப்போகிறார்.

தெலெதாவிலிருந்து அவர் போன இடம் தெலனிஸ்ஸோஸ். அங்கே ஒரு சிறு குடிலில் மூன்று ஆண்டுகள் அடைந்து கிடந்தார். தவக்காலம் வந்தது. 40 நாளும் எதுவும் உண்ணாமல் இருக்கப்போகிறேன், கதவை மண் பூசி அடைத்துவிடுங்கள் என்று பாஸ்ஸஸ் என்ற குருவானவரிடம் கேட்டார். சுற்றுவட்டார ஊர்களின் குருக்களையெல்லாம் மேற்பார்வையிடும் பொறுப்பில் இருந்தவர் பாஸ்ஸஸ். தற்கொலை புண்ணியமல்ல, பெரும்பாவம் என்று அவர் எடுத்துச் சொன்னார். அப்படியானால் பத்து ரொட்டியும் ஒரு குடம் தண்ணீரும் உள்ளே வையுங்கள், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்கிறேன் என்றார் சிமியோன். 40 நாள் கழித்துக் கதவை உடைத்தபோது ரொட்டி பத்தும் இருந்தன. தண்ணீரும் அப்படியே இருந்தது. ஆள் பேச்சுமூச்சின்றிக் கிடந்தார். பஞ்சை நனைத்து வாயைத் துடைத்து, நற்கருணை கொடுத்து எழுப்பினார்கள்.

அடுத்து குன்றின் உச்சி. வட்டமாக ஒரு மதில், கூரை கிடையாது. இருபது முழ இரும்புச் சங்கிலி, ஒரு முனை பாறையில், மறுமுனை வலது காலில். நினைத்தாலும் வெளியே போக முடியாது. அந்தியோக்கியா வட்டாரத்தைக் கவனித்துவந்த மெலேத்தியு என்பவர் இதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: மனம் கட்டுப்பட்டிருந்தால் இரும்பு எதற்கு? சிமியோன் மறுபேச்சில்லாமல் கொல்லரை வரவழைத்தார். இரும்பு காலை அறுக்காமலிருக்க அடியில் ஒரு தோல்துண்டு சுற்றித் தைக்கப்பட்டிருந்தது. அதைப் பிரித்தபோது உள்ளே இருபதுக்கும் மேல் கொழுத்த மூட்டைப்பூச்சிகள். மெலேத்தியு கண்ணால் கண்டு சொன்னது என்று தியோடரெட் பதிந்துவைக்கிறார். கையை நீட்டி நசுக்கியிருந்தால் முடிந்திருக்கும், நசுக்கவில்லை என்பது அவர் வியப்பு. எனக்கு வியப்பு வேறு. இத்தனை பிடிவாதக்காரர், ஒரு நியாயமான வாதத்தின் முன்னால் அந்தக் கணமே பணிந்துவிட்டார் பாருங்கள்.

இதற்குள் பேர் பரவிவிட்டது. நோயாளிகள் வந்தார்கள், பிள்ளையில்லாதவர்கள் வந்தார்கள், வழக்குள்ளவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தொட வேண்டும். அவர் உடுத்தியிருந்த தோலாடையிலிருந்து ஒரு நூலாவது கிள்ளிக்கொண்டு போக வேண்டும். மதில் அவரை வெளியே விடாமல் தடுத்ததே தவிர, மற்றவர்களை உள்ளே வராமல் தடுக்கவில்லை. இந்தத் தொல்லை பொறுக்காமல்தான் தூணில் நிற்பது என்ற வழியைக் கண்டுபிடித்தார் என்று தியோடரெட் தெளிவாகவே சொல்கிறார். முதலில் ஆறு முழத் தூண். பிறகு 12. பிறகு 22. தியோடரெட் எழுதிக்கொண்டிருந்த 440களின் தொடக்கத்தில் 36 முழம். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 16 மீட்டர், ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம்.

விண்ணுக்குப் பறக்கும் ஆசையால் உயரம் கூடியது என்று ஆயர் அடுத்த வரியிலேயே எழுதிவிடுகிறார். ஆயர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு இதில் தெரிவது ஓர் ஆட்டிடையனின் நடைமுறைப் புத்தி. ஆறு முழத் தூணில் நிற்கிறவரின் காலை, தோள்மேல் ஏறி நிற்கும் ஒருவர் தொட்டுவிடலாம். 12 முழம் என்றால் ஏணி வேண்டும். கூட்டம் கூடக்கூடத் தூண் வளர்ந்தது.

இதற்கு முன்மாதிரி உண்டா என்ற பழைய சர்ச்சை ஒன்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் லூசியன் எழுதியதாக வழங்கும் சிரியப் பெண்தெய்வம் பற்றிய நூலில், ஹீராப்பொலிஸ் நகரக் கோவிலில் ஆண்டுக்கு இருமுறை உயரமான இலிங்கத் தூணில் ஓர் ஆள் ஏறி ஏழு நாள் தங்குவார் என்ற செய்தி வருகிறது. ஹீராப்பொலிஸ் தெலனிஸ்ஸோஸிலிருந்து அதிகத் தொலைவில்லை. தொடர்பு உண்டு என்பாரும் உண்டு, இடையில் கிடக்கும் இருநூறு ஆண்டுகளைக் காட்டி மறுப்பாரும் உண்டு. நான் இரண்டாம் கட்சி.

மேலே நின்று அவர் என்ன செய்தார்? பெரும்பாலான நேரம் வழிபாடு. நிமிர்ந்து நின்று, பிறகு நெற்றி கால்விரலைத் தொடுமளவு குனிந்து, மறுபடி நிமிர்வார். தியோடரெட்டுடன் வந்த ஒருவர் இதை எண்ணத் தொடங்கினார். 1244 வரை எண்ணிவிட்டுச் சலித்துப்போய் நிறுத்திவிட்டார். வாரம் ஒருமுறை மட்டுமே சாப்பிடுகிறவர், வயிறு இடிக்காது, அதனால் குனிவது எளிது என்று ஆயர் ஒரு விளக்கமும் சேர்க்கிறார். தொடக்க ஆண்டுகளில் தவக்கால உபவாசத்தின்போது விழாமலிருக்கத் தூணில் ஒரு மரக்கட்டையை நட்டுத் தன்னை அதில் கட்டிக்கொண்டார். பிறகு அதுவும் வேண்டாமென்று விட்டுவிட்டார். பாதத்தில் ஆறாத புண். நீர் மனிதரா, உடலற்ற ஆவியா என்று ஒருவர் கீழிருந்து கேட்க, ஏணி வைக்கச் சொல்லி, மேலே ஏறிவந்து என் காலைப் பார்த்துக்கொள் என்றாராம்.

பிற்பகல் மூன்று மணிக்கு வழிபாடு முடியும். அதற்குமேல் சூரியன் மறையும்வரை அவர் கீழே நிற்பவர்களுக்குச் சொந்தம். முதலில் சிறு போதனை, பிறகு வேண்டுதல்கள், பிறகு பஞ்சாயத்து.

பஞ்சாயத்து என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். சிமியோன் இறந்து 14 ஆண்டுகளில், 473இல், சுரியானி மொழியில் அவருடைய வரலாறு ஒன்று எழுதி முடிக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பிரதி ஒன்று இன்றும் வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. தியோடரெட்டின் சிமியோன் வானத்தைப் பார்த்து நிற்கிறார். சுரியானி வரலாற்றின் சிமியோனுக்கு மழை, கிணறு, எலி, வரி, கடன் எல்லாம் தெரியும். அந்தியோக்கியாவில் தோலுக்குச் சாயம் தோய்க்கும் தொழிலாளர்களை வரியால் நசுக்கிய நகரசபை உறுப்பினரை அவர் எச்சரிக்கிறார். அன்றைய ரோமச் சட்டம் நூற்றுக்கு மாதம் ஒன்று வரை வட்டி வாங்க இடம் கொடுத்தது, ஆண்டுக்கு 12. சிமியோனை நாடிவந்த ஊர்கள் அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. அந்த வரலாற்றோடு சேர்ந்து ஒரு கடிதமும் கிடைத்திருக்கிறது. கொஸ்மாஸ் என்ற குருவானவர் தம் ஊரார் அனைவர் பெயராலும் தூண்மேலிருப்பவருக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழி அது. வெள்ளியும் ஞாயிறும் அனுசரிப்போம், அளவையில் ஏமாற்றமாட்டோம், வட்டி குறைப்போம் என்று போகிறது.

1971இல் பீட்டர் பிரவுன் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பக்கங்களை அறிஞர்கள் ஊன்றிப் படித்தார்கள். அதுவரை சிமியோன் பெரும்பாலோருக்கு ஒரு விசித்திரப் பிராணி. ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய கிப்பன் அவரைக் கேலி செய்துவிட்டுப் போனார். பிரவுன் கேட்டது எளிய கேள்வி: இத்தனை ஊர்க்காரர்கள் ஏன் இவரிடம் வந்தார்கள்? அந்தப் பகுதியில் பழைய நிலக்கிழார்களின் பிடி தளர்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஊருக்குத் தண்ணீர்த் தகராறு வந்தால் தீர்த்துவைக்க எந்தப் பக்கத்தையும் சேராத ஓர் ஆள் வேண்டும். சிமியோனுக்கு நிலமில்லை, மனைவி மக்களில்லை, சோற்றுக்கடன்கூட யாரிடமுமில்லை. ஊரோடு அவரைக் கட்டிய கயிறுகள் எல்லாம் எல்லோர் கண்முன்னாலும் அறுக்கப்பட்டவை. இடுப்பில் கயிறு, காலில் சங்கிலி, பட்டினி, தூண் என்று முப்பது வருடமாக ஊரறிய நடந்தது அதுதான். அவர் சொல்லும் தீர்ப்பில் அவருக்கு லாபமில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்ட தொழுகைக் கூடங்களைப் பற்றி அவர்களுக்குச் சாதகமாக ஓர் அரசாணை பிறந்ததாகவும், சிமியோன் பேரரசர் இரண்டாம் தியோடோசியுவைக் கடிந்து எழுதி அதைத் திரும்பப் பெறச் செய்ததாகவும், ஆணைக்குக் காரணமான அதிகாரி பதவி இழந்ததாகவும் சுரியானி வரலாறு பெருமையோடு சொல்கிறது. அப்படியே நடந்ததா என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. நடந்ததோ இல்லையோ, ஒரு புனிதரின் சாதனைப் பட்டியலில் இதைச் சேர்க்கலாம் என்று அவருடைய சீடர்கள் நினைத்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டுச் சிரியாவைப் பற்றி அது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

பெண்களுக்கு மதிலுக்குள் அனுமதி இல்லை. ஓர் அரபு அரசி பிள்ளை வரம் கேட்டபோதும் ஆள்தான் அனுப்பினாள். பிறந்த பிள்ளையையும் அடுத்தவர் கையில் கொடுத்துத்தான் உள்ளே அனுப்பினாள். சிமியோனுடைய தாயின் கதையைப் பெரும்பாலும் கேட்டிருப்பீர்கள்: பல வருடம் கழித்துத் தேடி வந்த தாயையும் அவர் உள்ளே விடவில்லை, மறுவுலகில் சந்திப்போம் என்று சொல்லியனுப்பினார், அவள் வாசலிலேயே கிடந்து உயிர்விட்டாள் என்று. இதைச் சொல்பவர் அந்தோனியு. தன்னைச் சிமியோனின் சீடர் என்று சொல்லிக்கொண்டு கிரேக்கத்தில் எழுதியவர். புண்ணிலிருந்து விழுந்த புழுவை எடுத்து மறுபடி புண்ணிலேயே வைத்து, கடவுள் கொடுத்ததைத் தின்னு என்றார் சிமியோன் என்ற கதையும், அப்படி விழுந்த ஒரு புழு அரசன் ஒருவன் கையில் முத்தாக மாறிய கதையும் இவர் வழியாக வந்தவைதான். குன்றுக்கு நேரில் போன தியோடரெட் தாயைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பிற்காலத்தார் பெரிதும் விரும்பிப் படித்தது அந்தோனியுவைத்தான் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

தியோடரெட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் எழுதும்போது சிமியோன் உயிரோடு நின்றுகொண்டிருந்தார், கேலி பேசுகிறவர்களும் இருந்தார்கள். அதனால் ஆயர் வழக்கறிஞராகிவிடுகிறார். கடவுள் எசாயாவை ஆடையில்லாமல் நடக்க வைக்கவில்லையா, எசேக்கியேலை ஒரே பக்கமாகப் பல நாள் படுக்க வைக்கவில்லையா என்று அடுக்குகிறார். அரசர்கள் அவ்வப்போது நாணயத்தின் உருவத்தை மாற்றுகிறார்களே, சிங்கமும் விண்மீனும் பொறிக்கிறார்களே, அதைப் போலக் கடவுளும் சோம்பிக் கிடக்கும் மக்களை எழுப்பப் புதிய அச்சு ஒன்று அடித்திருக்கிறார் என்கிறார். நல்ல உவமை. தூணைப் பற்றி அவருக்கே உள்ளூர ஒரு சங்கடம் இருந்ததால்தான் இவ்வளவு பாடுபடுகிறார் என்றும் தோன்றுகிறது.

அந்த நாணயம் எங்கெங்கோ செல்லுபடியானது. பாரசீகர், அர்மீனியர், தென் அரேபியாவின் ஹிம்யரியர் மட்டுமல்ல, மேற்கே ஸ்பெயினிலிருந்தும் கால் நாட்டிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் ஆள் வந்தார்கள். ரோம் நகரத்தில் பட்டறைகளின் வாசலில் காவலுக்கு அவருடைய சிறு உருவங்களை வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன் என்று தியோடரெட் எழுதுகிறார். குன்றின் மண்ணைப் பிசைந்து தூணும் துறவியும் பதித்த சிறு வில்லைகள் யாத்திரிகர்களுக்குக் கிடைத்தன. அவற்றில் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவரைத் தொட முடியாதவர்கள் தொடக்கூடிய ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

451இல் கல்கெதோன் சங்கம் கூடியது. கிறிஸ்துவின் இயல்பு ஒன்றா இரண்டா என்ற வாதத்தில் கிழக்குத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. பேரரசர் லியோ கருத்துக் கேட்டு எழுதியவர்களில் தூண்மேலிருந்த சிமியோனும் ஒருவர். பின்னர் இரண்டு பக்கத்தாரும் அவரைத் தங்களவர் என்றார்கள். சங்கத்தை ஏற்ற கிரேக்க, லத்தீன் திருச்சபைகளின் நாட்காட்டியிலும் அவர் இருக்கிறார், ஏற்காத சுரியானித் திருச்சபையின் பலிபூசையிலும் இருக்கிறார். கேரளத்தின் யாக்கோபிய, மலங்கரை ஆலயங்களில் குர்பானா நடக்கும்போது மறைந்த திருச்சபைத் தந்தையரின் பெயர்களைச் சொல்லி நினைவுகூரும் பகுதியைக் கவனித்துக் கேட்டால், மார் எப்ரேமுக்குப் பிறகு தூண் துறவி மார் ஷெமவோனின் பெயரும் காதில் விழும். தெலனிஸ்ஸோஸ் எங்கே, கோட்டயம் எங்கே!

459இல் சிமியோன் இறந்தார். குனிந்த நிலையிலேயே உயிர் போயிருந்தது. மூன்று நாளாக நிமிராததைப் பார்த்துவிட்டு ஏறிப்போனேன் என்கிறார் அந்தோனியு. கூட்டத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது சீடர்களுக்குத் தெரியும். அந்தியோக்கியாவுக்கு இரகசியமாகச் செய்தி போனது. பேராயர் மார்த்தீரியு வந்தார். கீழைப் படைத்தளபதி ஆர்தபூர் 600 வீரர்களோடு வந்தார். ஓர் இறுதி ஊர்வலத்துக்கு 600 வீரர்கள்! சுற்றியிருந்த ஊர்க்காரர்களும் அரபுக் குடிகளும் உடலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்.

சில நாள் ஊர்வலத்துக்குப் பிறகு உடல் அந்தியோக்கியாவின் பெரிய கோவிலுக்கு வந்து சேர்ந்தது. பேரரசர் லியோ அதைத் தலைநகரத்துக்கு அனுப்பச் சொன்னார். நகர மக்கள் மனு எழுதினார்கள். நிலநடுக்கத்தில் எங்கள் மதில் விழுந்துவிட்டது, எங்களுக்கு மதிலாக இருக்கட்டும் என்றுதான் இந்த உடலைக் கொண்டுவந்தோம், விட்டுவிடுங்கள் என்று. பேரரசர் விட்டுவிட்டார். சிமியோனின் தோல் மேலாடையைச் சுமந்துகொண்டு செர்ஜியு என்ற சீடர் மட்டும் கான்ஸ்டான்டிநோபிள் போனார். அரண்மனையில் பேரரசரைப் பார்க்க முடியவில்லை. அருகே தானியேல் என்ற துறவியைக் கண்டு அவரிடம் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு தானியேல் போஸ்பரஸ் கரையோரம் ஒரு தூணில் ஏறினார், 493இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருக்குப் பிறகு தூண் துறவிகள் ஒரு வகுப்பாகவே ஆகிவிட்டார்கள். 11ஆம் நூற்றாண்டிலும் எபேசு அருகே லாசருசு என்பவர் தூணில் இருந்தார்.

மேற்கே மட்டும் இது வேர்பிடிக்கவில்லை. ஆர்டென் காட்டுப் பக்கம் வுல்ஃபிலாயிக் என்ற லொம்பார்டியர் தூணில் ஏறி வெறுங்காலோடு நின்றார். பனியில் கால்நகங்கள் கழன்று விழுந்தன, தாடியில் பனிக்கட்டி மெழுகுவர்த்திபோலத் தொங்கியது. ஆயர்கள் வந்து பார்த்தார்கள். நீ அந்தியோக்கியாச் சிமியோன் ஆக முடியாது, இந்த ஊர்க் குளிர் விடாது, இறங்கு என்றார்கள். ஆயர் சொல்லைத் தட்டுவது பாவம் என்று இறங்கினார். ஒருநாள் அவரை வேறோர் ஊருக்கு வரச் சொல்லிவிட்டு, அவர் இல்லாத நேரத்தில் ஆளனுப்பித் தூணைச் சம்மட்டியால் உடைத்துப் போட்டார் ஆயர். திரும்பி வந்து பார்த்து அழுதேன் என்று 585இல் தூர் நகரத்து கிரகோரியிடம் அவரே சொன்னார். மறுபடி கட்டத் துணியவில்லை.

சிமியோனின் தூணை யாரும் சம்மட்டியால் உடைக்கவில்லை. பேரரசர் ஸீனோ காலத்தில், 480களை ஒட்டி, அதைச் சுற்றி நான்கு பெருங்கோவில்கள் சிலுவை வடிவில் எழுந்தன. நடுவே எண்கோண முற்றம், முற்றத்தின் நடுவே தூண். அன்றைய கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய கட்டடங்களில் அதுவும் ஒன்று. அடிவாரத்துத் தெலனிஸ்ஸோஸ் யாத்திரிகர் சத்திரங்களால் நிறைந்த ஊரானது. பத்தாம் நூற்றாண்டில் பைசாந்தியர் சுற்றிலும் மதில் எழுப்பிக் கோட்டையாக்கினார்கள், அதிலிருந்துதான் கலாத் செமான், சிமியோன் கோட்டை, என்ற இன்றைய பெயர். 2011இல் அந்த வட்டாரத்துப் பழங்கிராமங்களோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. 2016இல் ஒரு வான்தாக்குதலில் சேதமடைந்தது.

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் எவாக்ரியு என்ற வரலாற்றாசிரியர் அந்தியோக்கியாவில் சிமியோனின் தலையைப் பார்த்தார். பாரசீகப் போர்முனைக்குப் பாதுகாப்பாக அதை அனுப்பக் கேட்டிருந்தார்கள், அதற்காக வெளியே எடுத்தபோது. முடி உதிராமல் அப்படியே இருந்ததாம். பற்களில் சிலவற்றைக் காணவில்லை, பக்தர்கள் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

குன்றின்மேல், கூரை போன எண்கோண முற்றத்தின் நடுவில், பீடத்தின்மீது ஒரு பாறை உருண்டை இருக்கிறது. ஆள் உயரத்துக்குச் சற்று மேல். 36 முழத்தில் மிஞ்சியது அதுதான். நூற்றாண்டு நூற்றாண்டாக வந்தவர்கள் ஆளுக்கொரு சில்லு பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். வடிவமே இல்லாமல் வழவழவென்று உருண்டு, இப்போது எந்தப் பக்கத்திலிருந்து கை நீட்டினாலும் எட்டுகிறது.